மாதிரி விமானத்தின் முதற்பறப்பு

ஆசிரியர் அவர்கட்கு,

என் மருமகன் பல வாரங்களாக ரெஜிபோம் என்ற இலேசான நுரைப்பலகையில் வெட்டி ஒட்டிய மின் மாதிரி விமானம், கல்லடிக் கடற்கரையில் மேலெழுந்த சில விநாடிகளுக்குள், வலப்புறம் திருப்ப முயன்றபோது இடப்புறமாகச் சரிந்து மணலில் மூக்கைக் குத்தியது. இறக்கையின் அசையும் மடலைத் திருப்பும் சிறு மோட்டாரான சேர்வோ எதிர்த்திசையில் இயங்கியதே காரணம். விமானத்தின் பின்னால் நின்று ரிமோட்டின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளும்போது வலது இறக்கையின் மடல் மேலெழ வேண்டும் என்பதை, விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு முற்றத்திலேயே சோதித்திருக்கலாம்.

அதைவிட முக்கியமானது சமநிலை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய 25 முதல் 33 சதவீதத்துக்குள், விமானத்தின் கட்டுமான வரைபடம் காட்டும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, பற்றரியையும் பொருத்தி, இரு விரல் நுனிகளால் தூக்கினால் மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே நகர்த்துவது போதும், எடைக்காக மூக்கில் ஈயம் ஒட்டத் தேவையில்லை. மூன்று செல் லிபோ (லித்தியம் பொலிமர்) பற்றரி முழுமையாக ஏறியபின் 12.6 வோல்ட் காட்டும். ரிமோட்டை முதலில் இயக்கிய பின்னரே பற்றரியை இணைக்க வேண்டும்.

நமது விமான நிலையம் நகருக்கு அருகிலேயே இருப்பதால், பறக்கவிடும் இடத்துக்கு அனுமதி உண்டா என முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதிகாலையே உகந்த நேரம். மருமகனுக்கோ விடியலில் எழும்பும் பழக்கமில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.