மலைக்குத் தரும் குஞ்சுக்கு மலைக்கேற்ற கூடு

நீலகிரி கிராமங்களில் நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். குஞ்சோடு கூட்டுக்கான வரைபடமும் தருவதானால், சமவெளிப் படத்தை அப்படியே மலையேற்ற வேண்டாம். நாலு பக்கமும் கம்பிவலை அடித்த கொட்டகை கோவைக்குச் சரி. அங்கே பகை வெயில். கோத்தகிரியிலும் குந்தாவிலும் பகை ஈரம். இறகு கட்டிய கோழி உலர்ந்த குளிரைத் தாங்கும். தரையில் பரப்பிய கூளம் நனைந்தால் தாங்காது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறோ நேர் எதிரானது. ஐப்பசி மழை தொடங்கியதும் சாக்கு, தார்ப்பாய் போட்டு ஒரு துளை விடாமல் அடைத்துவிடுவார்கள். 10 கோழிகளின் மூச்சும் எச்சமும் ராத்திரி முழுக்க உள்ளேயே நிற்கும். விடியற்காலை கதவைத் திறந்தால் கண் எரியும். தகரக் கூரையின் அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அது சொட்டித்தான் கூளம் நனைகிறது. பிறகு சளி, ரத்தக்கழிச்சல்.

ஆகவே மூன்று பக்கம் பலகை, காற்றடிக்காத பக்கம் மட்டும் வலை என்று வரையுங்கள். கூரைக்கு அடியில் எதிரெதிர்ச் சுவர்களில் 4 அங்குல இடைவெளி விட்டு, அரை அங்குலக் கம்பிவலை அடிக்க வேண்டும். கோழி அடையும் கட்டை அதற்கு ஓரடியாவது கீழே இருந்தால் காற்று தலைக்கு மேலேயே போய்விடும். கூட்டின் தரை, மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம்; கோழிக்கு 2 சதுர அடி, கட்டையில் 8 அங்குலம். அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையை நம்ப வேண்டாம், மரநாய் இருக்கிறது. கூளத்துக்கு மரத்தூளும் ஆகாது, குஞ்சு கொத்தித் தின்னும். தச்சுப் பட்டறையில் சில்வர் ஓக் இழைத்த சுருள் கிடைத்தால் அதுவே நல்லது.

குஞ்சுக்கு முதல் வாரம் பல்பு போட்டு 35 டிகிரி செல்சியஸ் சூடு தர வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சமவெளியில் 4 வாரத்தில் பல்பை எடுப்பார்கள், ஊட்டியில் 6 வாரமாவது வேண்டும். எல்இடி வெளிச்சம்தான் தரும். சூட்டுக்குப் பழைய குண்டு பல்பு. குஞ்சுகள் அதனடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். கரண்ட் போன இரவில் மூடிய கூட்டுக்குள் கரிச்சட்டி வைப்பது குஞ்சைக் கொல்லும். இத்தனை தொல்லையும் குறைய, குஞ்சை மாசி, பங்குனியில் கொடுங்கள். கூடலூரில் ஆனி, ஆடி மழை பிடிப்பதற்குள் இறகு கட்டிவிடும்.

வளர்ந்த கோழிக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் தீவனம் போதும், மேய்ந்தால் குறையும். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இந்த ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மாதச் சாக்காக அல்லாமல் 15 நாளுக்கானதாகத் தாருங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். கேரட் தழை தரலாம். பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு விஷம். கழிவுக்கிழங்கு மலிந்த ஊர் என்பதால் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து இரண்டு: 7ஆம் நாள் லசோட்டா, 8ஆம் வாரம் ஆர்2பி. இந்தத் தேதிகளைப் படத்தின் ஓரத்திலேயே அச்சிட்டால் கூட்டுக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலையில் கோழி வளர்ப்போர்