பெயரை மாற்றினால் போதுமா? நாவல் எழுதும் உளவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பகலெல்லாம் அடுத்தவர் துயரத்தைக் கேட்டுவிட்டு இரவில் நாவல் எழுத உட்காரும் உங்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் வாசகி. உங்களில் ஒருவரிடம் எட்டு மாதம் ஆலோசனைக்குப் போனவளும்கூட.

அந்த அறையில் நான் வாயைத் திறக்கவே மூன்று வாரம் ஆனது. பேசும்போதெல்லாம் கையிலிருக்கும் டிஷ்யூவைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து மடியில் சேர்த்துக்கொண்டிருப்பேன், கிளம்பும்போது ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். இரண்டு வருடம் கழித்து அவர் எழுதிய நாவலில் ஒரு பெண் டிஷ்யூ கிழிக்கிறாள். பெயர் வேறு, வயது வேறு, வேலையும் வேறு. ஆனால் அந்தத் துண்டுகள் என்னுடையவை. ஒரு வாரம் அந்தப் புத்தகத்தின் பக்கமே நான் போகவில்லை.

அவர் விதியை மீறினார் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றினாலோ எழுத்தில் சம்மதம் வாங்கினாலோ சரி என்கிறது, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். எனக்குத்தான் போதவில்லை. ஊருக்கு என்னைத் தெரியாமல் போகலாம், எனக்கு என்னைத் தெரியுமே.

அப்புறம், மாற்றிய பெயர் எத்தனை நாள் தாங்கும்? 1895-ல் வியன்னா மருத்துவர்களான புரோயரும் ஃப்ராய்டும் தங்கள் சிகிச்சை அனுபவங்களை வைத்து வெளியிட்ட புத்தகத்தில் வரும் 'அன்னா ஓ' என்ற நோயாளியின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். அவருடைய இரண்டு முதலெழுத்துகளையும் ரோமன் அகரவரிசையில் ஒரு எழுத்து முன்னால் நகர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான் மறைப்பு. பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கென்று 1904-ல் ஒரு சங்கம் தொடங்கிப் பல வருடம் பாடுபட்டவர் அவர். 1936-ல் இறந்தார். 1953-ல் ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் பெர்த்தாவின் பெயரைப் போட்டு உடைத்தார். இன்றைக்கும் பெர்த்தாவைப் பலர் நோயாளியாகத்தான் அறிவார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1948-ல் நாவல் எழுதினார், குழந்தைகள் உளவியலாளரான ஜோனதன் கெல்லர்மேன் 1985-லிருந்து துப்பறியும் நாவல்கள் எழுதுகிறார். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு நாவலைப் படித்துத்தான் நானே ஆலோசனைக்குப் போகத் துணிந்தேன்.

நான் கேட்பது இதுதான். நாவலும் எழுதுவேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், எழுந்து போகிறவர் போகட்டும். சிகிச்சை நடக்கும்போது சம்மதம் கேட்காதீர்கள், மறுத்தால் உங்களுக்கு மனம் கோணுமோ என்று பயந்தே நாங்கள் தலையாட்டிவிடுவோம். எல்லாம் முடிந்து கொஞ்ச காலம் போன பிறகு, எழுதிய பக்கத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வேண்டாம்.

என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நாவலில் அந்தப் பெண் துண்டுகளைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். நான் ஒருநாளும் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. அதை மட்டும் மாற்றச் சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி