பேச்சிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன், அக்கா

அக்கா,

குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று அடுத்த வாரம் சென்னையில் பேசவிருக்கும் உரையில் நீ இல்லை. எடுத்துவிட்டேன். நீ கேட்கவில்லைதான், உன்னைப் பற்றி நான் மேடையில் பேசிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாய், அவ்வளவுதான். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் ஊர்ப் பெயரும், அந்த வருஷம் அப்பா எங்கே இருந்தார் என்பதும் இங்கே வராது.

திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தாய். பெரியவன் போனை நீட்டினான். நடவுக்குப் போன அம்மா, அஞ்சாம் வகுப்போடு நின்ற அக்கா, அவள் இடுப்பில் நான். மேடையில் நான் சொல்லச் சொல்ல அரங்கே அமைதியாகிறது. கடைசிவரை பார்த்தாய். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஒன்னைய இடுப்புல வச்சிருந்தத சொன்ன. கணக்குல நான் நூறு வாங்குனத சொல்லலியேடி" என்றாய். அடுத்த சரத்தைத் தொடங்கிவிட்டாய்.

எனக்கு அது தெரியாதே. வீட்டில் யார் சொன்னீர்கள்?

ஜமைக்கா ஆய்வைத்தான் அதிகாரிகளிடம் முதலில் சொல்வேன். 1986-87இல் கிங்ஸ்டனில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் பிள்ளையையும் விளையாடப் பழக்கினார். இரண்டு வருஷம். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பளம், அப்படி யாரும் போகாத பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதல். தலையாட்டுவார்கள், டீ வரும். உன் இடுப்பைச் சொன்னால்தான் டம்ளரைக் கீழே வைக்கிறார்கள். நான் என்ன செய்ய?

அங்கே சம்பளம் கொடுத்துச் செய்யவைத்ததை நீ பத்து வயதில் நாள் முழுக்கச் செய்தாய். நுங்கு வண்டி, சோளத்தட்டை மாடு, எல்லாம் உன் கை. அந்த ஆய்வு கணக்கெடுத்தது வளர்ந்த பிள்ளையின் சம்பளத்தை. உன் நூறு மார்க்குக்கு அதில் இடமில்லை. என் பேச்சிலும் இருந்திருக்கவில்லை.

1975இல் வந்த திட்டம்தான் அங்கன்வாடி. இன்றும் கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும். பார்த்துக்கொள்ள ஆள் வராது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். நடவு வயலில் யாரிடம் போய் அதைக் கேட்பது? மூத்த பெண்பிள்ளைதான் அங்கே காப்பகம்.

நீ மட்டும் என்ன, பேத்தி பிறந்ததும் கம்பெனி வேலையை விட்டாய். "நான் பாக்காம யாரு பாப்பா?" இதற்காகத்தானே நான் ஊர் ஊராகக் கத்துகிறேன்! இடுப்பில் இருந்தவளுக்கும் அந்தக் கதையில் பங்கில்லையா?

சரி, எடுத்தாயிற்று. உரை மெலிந்துதான் போச்சு. சின்னவன் கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாயே, அதுமட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.