கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஏன் இந்த இளக்காரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருந்துகொண்டு இணையத்தில் தவறாமல் படிக்கிறவள் நான். அமெரிக்கப் படிப்பு என்று எழுத வந்தாலே ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., அதோடு சரி. இந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான கல்லூரிகள், உங்கள் கண்ணில் படுவதே இல்லை. உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, இங்கே இருக்கிற நம் ஆட்களும் அப்படித்தான். பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளையைக் கோடை விடுமுறையில் குப்பர்ட்டினோவில் இருக்கிற டி ஆன்ஸா காலேஜுக்கு அனுப்பி கால்குலஸ் எடுக்க வைப்பார்கள், அப்போது அது நல்ல காலேஜ். அதே பிள்ளை பள்ளி முடித்துவிட்டு அங்கேயே சேர்ந்தால் கோயிலில் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்கிற தொனியே மாறிவிடும்.

இது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வு, மார்க் கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். இரண்டு வருடம் படித்து அசோசியேட் பட்டம் வாங்கி, மீதி இரண்டு வருடத்தைப் பெரிய பல்கலைக்கழகத்தில் போய் முடிக்கலாம், அல்லது நேராக வேலைக்கே போகலாம். இங்கே இரண்டு வருட நர்ஸிங் முடித்தவரும் நாலு வருடப் படிப்பு முடித்தவரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் காலேஜில் ஆரம்பித்த முறை இது.

இப்படிப் படித்து மேலே போனவர்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்பதுதான் என் குறை. மேலே போனது மட்டுமில்லை, அவர்களில் பலர் சொல்லிக்கொடுக்கவும் வந்திருக்கிறார்கள், அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சந்திரா எக்ஸ்-ரே தொலைநோக்கி நமக்கெல்லாம் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் அதற்கு வைத்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் 1999 ஜூலையில் அதை விண்வெளிக்குக் கொண்டுபோன விண்கலத்தின் கமாண்டர் யார் என்று எத்தனை பேர் கவனித்தோம்? ஐலீன் காலின்ஸ். அமெரிக்க விண்கலம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பக்கத்தில் இருந்த கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் 1976-இல் கணிதமும் அறிவியலும் சேர்ந்த அசோசியேட் பட்டம் வாங்கி, அங்கிருந்து சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போய், விமானப்படையில் சேர்ந்து, அங்கே மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து, 1986 முதல் மூன்று வருடம் விமானப்படை அகாடமியில் கணித உதவிப் பேராசிரியையாக இருந்துவிட்டுத்தான் நாசாவுக்கு வந்தார். கார்னிங்கில் உள்ள வான் ஆய்வுக்கூடத்துக்கு இன்று அவர் பெயர்.

இன்னொருவர் ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவில் பல வருடம் கணிதமும் இயற்பியலும் நடத்தியவர், 60-களில் அமெரிக்கா வந்தால் அந்தத் தகுதி இங்கே செல்லவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. காபிக் கடையில் தரை துடைத்துக்கொண்டே பாசடீனா சிட்டி காலேஜில் முதலிலிருந்து படித்தார். பிறகு எலெக்ட்ரானிக்ஸ் வேலை, நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு 1974-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு பள்ளிக்கு வாத்தியாராகப் போனார் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் (பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரி அளவிலான கணிதத் தேர்வு) பாஸ் செய்ய, ஏழை மெக்சிகன் பிள்ளைகளுக்கு இது எப்படி வந்தது என்று காப்பியடித்த சந்தேகம் கிளம்பியது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் பாஸ். அந்தப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடத்த இடம் கொடுத்ததும் ஒரு கம்யூனிட்டி காலேஜ்தான், ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்துக்குப் போய் வியட்நாமில் இருந்த ரிச்சர்டு கார்மோனா, திரும்பி வந்து பிராங்க்ஸ் கம்யூனிட்டி காலேஜில் படித்து டாக்டராகி, 2002-இல் நாட்டின் சர்ஜன் ஜெனரலானார், அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவர். பதவி முடிந்ததும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பேராசிரியர்.

சரி, இவர்கள் பெரிய ஆட்கள். எனக்குப் பக்கத்திலேயே பார்த்ததையும் சொல்கிறேன். நான் எச்-4 விசாவில் (இங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) வந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோது மாலை நேர அக்கவுண்டிங் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் நடத்தியவர் அதே காலேஜில் அதே மாலை வகுப்பில் படித்தவர், பகலில் ஆடிட்டர் வேலை. பிப்ரவரி வந்தால் போதும், எங்களையெல்லாம் தேர்வெழுத வைத்து, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு போட்டுக்கொடுக்கும் ‘வீட்டா’ (VITA) முகாமுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஏப்ரல் நடுவரை சனிக்கிழமை என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. டாக்ஸி ஓட்டுபவர், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர் என்று வந்து உட்காருவார்கள். திரும்பி வர வேண்டிய பணம் இவ்வளவு என்று சொன்னதும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்பார்கள்.

இப்படி வேலையில் இருக்கிறவர்கள் திரும்பி வந்து சொல்லிக்கொடுக்க விதியிலேயே வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வெல்டிங், ஆட்டோ மெக்கானிக் மாதிரித் தொழில் பாடங்களுக்கு அசோசியேட் பட்டமும் ஆறு வருட அனுபவமும் இருந்தால் ஆசிரியர் ஆகலாம். டென்னஸி மாநிலத்தில் இன்னொரு மாதிரி: கட்டணமே இல்லாமல் படிக்கலாம், ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரம் ஊர்ப் பொதுவேலை செய்தாக வேண்டும். கட்டாயப்படுத்திச் செய்வது சேவையா என்று கேட்பவர்கள் உண்டு. பதினெட்டு வயதுப் பையன் தானாகப் போகமாட்டான், ஒரு தடவை போனால் பழகிவிடும் என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. சேர்கிறவர்களில் பாதியில் நிற்பவர்கள் நிறைய. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது ஆசிரியர்கள் நிலைமை. பெரும்பாலோர் பகுதி நேரம்தான். கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி மாவட்டத்தில் (கல்லூரிகளை நடத்தும் நிர்வாகப் பகுதி) முழு நேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்கு வகுப்பு கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதனால் காலையில் ஒரு ஊர், மாலையில் வேறு ஊர் என்று காரிலேயே பாதி வாழ்க்கை போகிறது. சேவை மனப்பான்மை என்று மேடையில் மாலை போடுகிறவர்கள் சம்பளத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்பது 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மூலமாகவும், அடுத்த வருடமே சென்னையில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் மூலமாகவும் ஆரம்பித்ததுதான். அங்கே முதலில் படித்தவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயதிருக்கும். அவர்கள் என்ன செய்கிறார்கள், யாராவது திரும்பிப் போய் வகுப்பு எடுக்கிறார்களா என்று உங்கள் நிருபர் ஒருவரை விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், அமெரிக்கக் கல்லூரிப் பட்டியல் அடுத்த தடவை போடும்போது கம்யூனிட்டி காலேஜையும் சேருங்கள். நான் சொன்ன 46 டாலர் இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், அங்கிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும் என்பதையும் மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் ஏஜென்ட்டுகள் இதை வைத்தே ஒரு வியாபாரம் ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா