முடிச்சுக்கு ஒரே வரியா?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த தூண்டில் கட்டுரையில் நரம்பின், அதாவது தூண்டில் நூலின், தடிமனுக்கு ஒரு பத்தி, அதைச் சுற்றிவைக்கும் உருளைக்கு இரண்டு பத்தி. முடிச்சுக்கு மட்டும் ஒரே வரி: ‘எந்த நரம்பானாலும் ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்கினால் போதும்.’ 30 ஆண்டுகள் தையல் வேலை பார்த்தவன் நான். நூலைப் பற்றி இப்படிப் போகிறபோக்கில் எழுதினால் மனம் ஆறவில்லை.

அந்த ஐந்தாறு சுற்று, அதாவது கிளிஞ்ச் முடிச்சு, ஒற்றை இழை நைலான் நரம்புக்குச் சரிதான். அதையே பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நூலில் போட்டு நான் ஏமாந்திருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் மீன். சட்டென்று நூல் தொய்ந்தது. அறுந்துவிட்டது என்று நூலைத்தான் திட்டினேன். சுற்றி எடுத்துப் பார்த்தால், நுனி நான் கத்தரித்தபடியே இருந்தது! நூல் அறவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. நைலானாக இருந்தால் நழுவிய நுனி பன்றிவால்போல் சுருண்டிருக்கும். பின்னல் நூலின் பாலிஎத்திலீன் இழைகள் வழுவழுப்பானவை. ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பாலோமார் முடிச்சுதான். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள்ளை முழுதாக விட்டு இழுக்க வேண்டும். இரண்டு இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்வேன். உலர்ந்த நூல் உரசிச் சூடேறினால் அந்த இடத்திலேயே பலம் போய்விடும். பிறகு முள்ளைக் குறடால் பிடித்துக்கொண்டு ஓர் இழு. நழுவுவதானால் வீட்டிலேயே நழுவட்டும். பெரிய போலி இரையை வளையத்துக்குள் நுழைப்பது பெரும்பாடு. அதற்கு நூலின் நுனியை மட்டும் சுற்றிப் போடும் யூனி முடிச்சு. பின்னல் நூலோடு நைலானை இணைக்க இரட்டை யூனி போடுகிறேன், பின்னல் பக்கம் சுற்றுகளைக் கூட்டி. எஃப்ஜி முடிச்சு அதைவிட மெலிதாக, உறுதியாக அமையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் விரல்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

‘ஈட்டித் துப்பாக்கிக்கும் இதுவே’ என்று கட்டுரையாளர் முடித்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடிப்பவன் என் தம்பி மகன். ஈட்டியோடு போகும் கயிறு ஒரு கணம் தொய்யும், மறுகணம் சுண்டி இழுபடும். அந்த ஆட்டத்தில், கயிற்று நுனியில் வளையம் போடும் பௌலைன் முடிச்சுகூடத் தானாக அவிழக்கூடும். அதனால் முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் வாலை நீளமாக விட்டு, அதையும் ஒரு முடிச்சால் கட்டிப் பூட்டிவிடுகிறான். ஈட்டிக்குத் தடித்த நைலான் என்றால் முடிச்சே போடுவதில்லை. அது விறைப்பானது, சரியாகப் படியாது. உலோகக் குழலுக்குள் இரண்டு இழைகளையும் விட்டு நசுக்கிவிடுகிறான்.

அடுத்த இணைப்பில் பாலோமார் முடிச்சுக்கு ஒரு படம் போடுங்கள். என்னைப்போல் கண்ணாடி போட்டவர்களுக்கும் இழை தெரிகிற அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய தையற்காரர்