லெய்டன்ல இறங்காம போயிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல நெதர்லாந்து டூர் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். படமெல்லாம் அருமை, ஆனா ஆம்ஸ்டர்டாம்ல போட் சவாரி, கோய்க்கன்ஹாஃப் டூலிப் தோட்டம், காத்தாலை, இவ்வளவுதான் அந்த நாடுங்கற மாதிரி முடிச்சிட்டாங்க. அங்க இருக்கற லெய்டன்ங்கற யுனிவர்சிட்டி ஊரோட பேரே வரல. நான் நாகப்பட்டினத்துக்காரி, எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

லெய்டன் செப்பேடுன்னு நம்மாளுங்க நிறைய பேர் படிச்சிருப்பாங்க. கடாரத்து அரசர் எங்க ஊர்ல கட்டுன சூடாமணி விகாரம்ங்கற புத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை எழுதி வச்ச சாசனம் அது, 21 ஏடு, பெரிய வளையத்துல கோத்து சோழர் முத்திரை போட்டது, அதோட குலோத்துங்கன் காலத்து சின்ன செப்பேடு 3 ஏடு. 1658லருந்து 1781 வரைக்கும் எங்க ஊரு டச்சுக்காரங்க கையிலதான் இருந்துச்சு, அந்த காலத்துல கப்பலேறி போனதுதான். ஹாமாக்கர்னு ஒரு பேராசிரியரோட வாரிசுங்க 1862ல லெய்டன் யுனிவர்சிட்டிக்கு குடுத்தாங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க கூட அந்த ஊர் எப்படி இருக்கும்னு நினைச்சு பாக்கறதில்ல.

பையன் அந்த நாட்டுல வேலை பாக்கறான், அவனை பாக்க போனப்ப முதல்ல கூட்டிட்டு போக சொன்னது இந்த ஊருக்குதான். அங்க யுனிவர்சிட்டிக்குன்னு காம்பவுண்டு சுவரு கேட்டு எதுவும் கிடையாது, கட்டடமெல்லாம் ஊருக்குள்ளயே அங்கங்க இருக்கு, வாய்க்கா ஓரமா சைக்கிள்ல போற பசங்க கூட்டத்தோட நாமளும் நடக்க வேண்டியதுதான்.

அந்த யுனிவர்சிட்டி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டு போனா ஊரே வேற மாதிரி தெரியும். 1573ல ஸ்பெயின் படை ஊரை வளைச்சுருச்சு, அடுத்த வருஷம் வரைக்கும் முற்றுகை, சாப்பாடு இல்லாம ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க, பசியோட கொள்ளைநோயும் சேந்துகிச்சு. கடைசில, ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து கிளம்புன தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் பக்கத்து ஆளுங்க ஆத்து கரையையெல்லாம் வெட்டி விட்டு வயக்காட்டுல தண்ணிய ஏத்தி, அதுமேல படகுலயே வந்து சேந்தாங்க, காத்து தெசை மாறி தண்ணி ஏறினதும் ஸ்பெயின்காரன் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான். 1574 அக்டோபர் 3. படகுல வந்தவங்க குடுத்த ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும்தான் ஜனங்களுக்கு முதல் சாப்பாடு, இன்னைக்கும் வருஷா வருஷம் அந்த தேதியில ஊர்ல அதையே குடுக்கறாங்க. பட்டினி கிடந்து ஊரை காப்பாத்துன ஜனங்களுக்கு வில்லியம் குடுத்த பரிசுதான் 1575ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி. வரி தள்ளுபடி வேணுமா யுனிவர்சிட்டி வேணுமான்னு கேட்டதாவும் இவங்க படிப்பை கேட்டதாவும் ஒரு கதை சொல்றாங்க, கதையாவே இருந்தாலும் எனக்கு ரொம்ப புடிச்சுது.

ராப்பென்புர்க் வாய்க்கா ஓரத்துல பழைய மெயின் கட்டடம், அதுக்கு முன்னாடி கன்னியாஸ்திரி மடமா இருந்த இடம். அங்க ஒரு சின்ன ரூம், டிகிரி பரிச்சைக்கு வந்த பசங்க வேர்த்து விறுவிறுத்து காத்துகிட்டு இருந்த ரூம்ங்கறதால வேர்வை ரூம்னே பேரு. பாஸ் பண்ணவங்க சுவத்துல கையெழுத்து போட்டு போட்டு வெள்ளை சுவரே தெரியல, மேல மேல பேரு, சிலது மங்கி போச்சு, சிலது நேத்து போட்ட மாதிரி இருக்கு. கௌரவ டாக்டர் பட்டம் வாங்க வந்த மண்டேலா கையெழுத்தும் அங்க இருக்கு.

அந்த கட்டடத்துக்கு பின்னாடியே தாவரவியல் தோட்டம், 1590ல தொடங்குனது. ஹாலந்துல டூலிப்னு ஒரு பூவை ஊரறிய பண்ண தாவரவியல்காரர் க்ளூசியஸ் 1593ல வந்து வேலை பாத்த தோட்டம் இதுதான், கோய்க்கன்ஹாஃப்க்கு ஓடற ஜனங்க இதை பாக்காம போறது எனக்கு ஆச்சரியமா இருக்கு. கொழும்புல டச்சு கம்பெனி டாக்டரா இருந்து இலங்கை செடி கொடியெல்லாம் சேத்த பால் ஹெர்மனும் அப்புறம் இங்கதான் பேராசிரியரா வந்தாரு.

போர்ஹாவேன்னு ஒரு விஞ்ஞான மியூசியம், அதை விட்டுடாதீங்க. 1908ல காமர்லிங் ஓன்னஸ்ங்கற இயற்பியல் பேராசிரியர் இந்த ஊர்லதான் ஹீலியத்தை முதன்முதலா திரவமாக்குனாரு, அந்த மெஷின் பைப்பும் கண்ணாடியுமா அங்க நிக்குது. 1911ல சூப்பர் கண்டக்டிவிட்டி, அதாவது ரொம்ப குளிர வச்சா சில உலோகத்துல கரண்ட் தடையே இல்லாம ஓடறது, அதை கண்டுபுடிச்சதும் அவருதான். நம்மூர் ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள போய் படுக்கறோமே, அதுல பெரும்பாலான மெஷினோட காந்தம் வேலை செய்யறது இந்த ரெண்டையும் வச்சுதான். மியூசியத்து வெளி சுவத்துல ஐன்ஸ்டீனோட சமன்பாடு பெருசா எழுதியிருக்கு, அவரும் இங்க வருகைப் பேராசிரியரா வந்து போனவரு.

தெருவுல நடக்கும்போது வீட்டு சுவரெல்லாம் கவிதை, நூத்துக்கு மேல இருக்கு, 1992ல ஆரம்பிச்சது, எழுதுனவங்க மொழியிலயே அந்தந்த லிபியிலயே வரைஞ்சு வச்சிருக்காங்க. ஓவியர் ரெம்ப்ராண்ட் பொறந்ததும் இதே ஊருதான். தொல்பொருள் மியூசியத்து ஹால்ல எகிப்துலருந்து வந்த ஒரு முழு கோயிலே நிக்குது, அஸ்வான் அணை கட்டுனப்ப தண்ணில மூழ்க இருந்த பழைய கோயில்களை காப்பாத்த உதவி பண்ணதுக்காக எகிப்து குடுத்தது.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஆம்ஸ்டர்டாம்லருந்து ரயில்ல முக்கா மணி நேரம் கூட ஆகாது, ஏர்போர்ட்லருந்து இன்னும் கிட்ட, பேங்க் கார்டை தட்டி ஏறி இறங்கும்போதும் மறக்காம தட்டணும். ஹோஃப்யேன்னு முற்றம் வச்ச பழங்கால தர்ம வீடுங்க இருக்கும், கதவு திறந்திருந்தா பாக்கலாம், ஆனா உள்ள ஜனங்க குடியிருக்காங்க, சத்தம் போடாம ஜன்னல எட்டி பாக்காம வரணும். செப்பேட்டுக்காக போறவங்க, அது இப்ப அங்க இருக்கா, பாக்க முடியுமான்னு யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுட்டு கிளம்புங்க, நேரா போய் நின்னா காட்டிடுவாங்கன்னு நம்பி போகாதீங்க.

டூர் கம்பெனிகாரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்ஸ்டர்டாம்லருந்து ஹேக் போற வழியில உங்க பஸ் இந்த ஊரை ஒட்டிதான் போகுது, கோய்க்கன்ஹாஃப்ம் பக்கத்துலதான். அரை நாள் ஒதுக்குனா கூட போதும், தோட்டத்தையும் வேர்வை ரூமையும் காட்டிடலாம், கைடுக்கு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க. ஆசிரியர் அய்யா, அடுத்த தடவை நெதர்லாந்து பத்தி போடும்போது லெய்டனுக்கு ஒரு முழு பக்கம் ஒதுக்குங்க, அதுல ஆனைமங்கலம் பேரும் வரணும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
நாகப்பட்டினம்.