கன்றை நட மட்டுமல்ல, காப்பாற்றவும் நன்கொடை கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

நன்கொடை கேட்டுப் போகும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: மரம் நட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு உண்மையிலேயே குறையுமா? குறையும். எவ்வளவு, எப்போது என்பதையும் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை.

காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது மண்ணிலிருந்து வந்ததல்ல, இலைகள் காற்றிலிருந்து இழுத்தது. 100 கிலோ காய்ந்த கட்டையிலுள்ள கார்பன், காற்றிலிருந்த சுமார் 180 கிலோ கரியமில வாயுவிலிருந்து வந்தது. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்கு உறிஞ்சும் என்பார்கள்; இனத்தையும் இடத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. ஆக, ஒரு மரத்தின் ஓராண்டு உழைப்பு ஒன்பது லிட்டர் பெட்ரோலுக்குத்தான் ஈடு. அதுவும் கன்று மரமான பிறகு! உலகமோ நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியிடுகிறது. அதனால், பணம் கொடுத்தவருக்கு 'உங்கள் கார்பன் கணக்கு தீர்ந்தது' என்று சான்றிதழ் எதுவும் தரமாட்டோம். எரிப்பதைக் குறைக்கும் வேலை அவரவருக்கு அப்படியேதான் இருக்கிறது.

சரி, அப்புறம் ஏன் நட வேண்டும்? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இன்றே புகையை நிறுத்தினாலும் கலந்தது கலந்ததுதான். அதில் கொஞ்சத்தையாவது கீழே இறக்க நம் கைக்கு எட்டும் வழி மரம்.

முதல் முறை நாங்கள் தவறு செய்தோம். பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த கன்றுகளை வாங்கி ஒரே நாளில் நட்டோம். கோடை முடிவதற்குள் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. சுற்றியிருந்த மண்ணுக்குள் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த முறை குறைவாக நடப்போகிறோம். திரட்டும் பணத்தில் பெரும்பகுதி நடுவதற்கல்ல, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தண்ணீர் விடவும், களையெடுக்கவும், ஈரம் காயாமல் இலைதழையால் மூடாக்குப் போடவும், ஆடுமாடு கடிக்காமல் வேலி கட்டவும்தான். அந்த மண்ணுக்கே உரிய பல இனங்களைக் கலந்து நடுவோம். ஒரு நோய் வந்தாலும் மொத்தமாகப் போகாது. காலங்காலமாகப் புல்வெளியாக இருக்கும் நிலத்தைத் தொடமாட்டோம், அது தன் மண்ணுக்கடியில் கார்பனைச் சேர்த்தே வைத்திருக்கிறது.

இயன்ற தொகையைத் தாருங்கள். மொத்தமாகத் தருவதைவிட மாதம் சிறிதாகத் தந்தால் எங்களுக்கு இன்னும் உதவி. தண்ணீர்ச் செலவும் மாதாமாதம் வருவதுதானே. பணம் தர இயலாதவர்கள் வாரம் ஒரு நாள் வந்து பத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டாலும் போதும். ஆண்டுதோறும் வரவு செலவோடு, பிழைத்த கன்றுகள் எத்தனை, பட்டுப்போனவை எத்தனை என்ற எண்ணிக்கையும் உங்கள் கைக்கு வரும்.

இப்படிக்கு,
மரம் வளர்ப்புக் குழுவினர்